அண்ணாச்சி பதில்கள்: வெயில்காரப் பூ

“தரையில் முளைக்கும் ஆர்க்கிட் நம்ம பக்கமும் உண்டு” என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தபால்காரர் என்னை முறைக்கிற அளவுக்குக் கடிதங்கள். எனவே இந்த இதழ் முழுக்க அந்தப் பூவுக்கே.

எண்ணெய் புரோட்டா ரசிகர், விருதுநகர்: நம்ம ஊர் வெயிலில் ஆர்க்கிட் பூக்கும் என்கிறீர்களே, வெயில் உங்கள் தலைக்கு ஏறிவிட்டதா அண்ணாச்சி?

என் தலைக்கு ஏறும், பூவுக்கு ஏறாது. உலகத்தில் ஆர்க்கிட் வகை ஏறத்தாழ 28,000. அத்தனையும் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பட்டாசுக் கடைத் தம்பி, சிவகாசி: மரத்தில் வளரும் ஆர்க்கிட், தரையில் வளரும் ஆர்க்கிட், என்ன வித்தியாசம்? நம்ம பாஷையில் சொல்லுங்கள்.

மரத்தில் இருப்பது ராக்கெட். அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவார்கள். தரையில் இருப்பது புஸ்வாணம். மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும், நேரம் வந்ததும் ஒரே தண்டாக எழும்பிப் பூக்கும். சரக்கு பெரும்பாலும் அடியில், கிழங்கில். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 1,256 வகை. அதில் மரத்தில் 757, மண்ணில் 447. கைதட்டல் மட்டும் முழுக்க முழுக்க ராக்கெட்டுக்கு.

டீச்சரம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்: பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு செடியின் பேரைச் சொல்லுங்கள்.

யூலோஃபியா எபிடென்ட்ரியா. பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், ஆள் ரொம்ப எளிமை. தென்னாட்டு வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் இருக்கிறது. முள்ளுப் புதரடியில் பச்சைப் பச்சையாக, வரிவரியாக, தரைக்கு மேலே கொத்தாகத் தடித்த தண்டுகள். அதிலிருந்து புல் மாதிரி நீண்ட இலை. பூக்கிற நேரத்தில் இலை பாதி போயிருக்கும். இடுப்புயரத்துக்கு ஒரு குச்சி மேலே போகும். அதில் இடைவெளி விட்டு விட்டுப் பூ. வெளியிதழ் பச்சை, உள்ளே வெளுப்பு, கீழுதட்டில் பேனாவால் இழுத்த மாதிரி ஊதாக் கோடுகள். குனிந்து பார்க்காவிட்டால் காய்ந்த குச்சி என்றுதான் தோன்றும். பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குனியாதவர்கள்.

வரலாற்று மாணவி, மல்லாங்கிணறு: இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஆடு மேய்த்த ஆச்சி யாராவதுதான். எழுதிவைத்தது கோனிக் என்ற டாக்டர். லின்னேயஸிடம் பாடம் படித்தவர்; 1768-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வைத்தியம் பார்க்க வந்து, செடியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். 1785-ல் காக்கிநாடா பக்கம் காலமானார். அவர் எழுதிய குறிப்பை ஸ்வீடன்காரர் ரெட்சியஸ் அச்சேற்றியது 1791-ல். ஆசிரியர் போய் ஆறு வருஷம் கழித்து அச்சு! இன்றைய பதிப்பாளர்கள் எவ்வளவோ மேல். நாம் உயிரோடு இருக்கும்போதே இழுத்தடிக்கிறார்கள்.

டவுன்பஸ் கண்டக்டர், திருத்தங்கல்: வெயில் அடித்தால்தான் திறக்கும் ஆர்க்கிட் இருக்கிறதாமே?

இருக்கிறது. தெலிமிட்ரா என்று ஒரு வம்சம், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில். நூற்றுக்கு மேற்பட்ட வகை, எல்லாம் தரைவாசி. வெயில் ஏறிக் காற்றில் சூடு பிடித்ததும் இதழைத் திறக்கும். மேகம் கவிந்தால் சாத்திவிடும். இரவில் கட்டாய விடுமுறை. காரணம் கேட்டால் ‘சர்வர் டவுன்’ என்று சொல்லாத ஒரே அலுவலகம்.

அதே கண்டக்டர்: அப்படி என்ன கிராக்கி அதற்கு?

தேனீ குளிரில் கிளம்பாது. வர வேண்டிய ஆள் வராத நாளில் கதவைத் திறந்துவைத்து மகரந்தத்தை மழைக்குத் தாரை வார்ப்பானேன்? இதைக் கிராக்கி என்று சொல்லாதீர்கள், சிக்கனம் என்று சொல்லுங்கள். உங்கள் பஸ்ஸும் ஆள் சேர்ந்தால்தானே கிளம்புகிறது?

மழைக்கு ஏங்குபவர், நரிக்குடி: நாள்கணக்கில் மூட்டமாகவே இருந்தால் அந்தப் பூவின் கதி?

சில வகைகள் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே சூட்டிக்கொண்டு காய்த்துவிடும். முகூர்த்தம் தப்பினாலும் வம்சம் தப்பாது.

சந்தேகராமன் என்ற புனைபெயரில் ஒருவர், அருப்புக்கோட்டை: நம்ம யூலோஃபியாவும் மேகம் வந்தால் மூடுமா?

மூடாது. திறந்தால் திறந்ததுதான். சூரியன் வருமா என்று ஏங்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் எந்த ஜீவனுக்கும் கிடையாது. எப்போது போகும் என்றுதான் ஏங்குகிறோம்.

மாடித்தோட்டத்து அக்கா, விருதுநகர்: அப்படியென்றால் உச்சி வெயிலில் வைத்தால் நன்றாகப் பூக்குமா?

கருகும். காட்டில் அது உடை மரத்துக்கும் கிளுவைக்கும் சூரைக்கும் அடியில் இடம் பிடிக்கிறது. வெயிலில் பாதியைப் புதர் வாங்கிக்கொள்கிறது, ஆட்டின் வாயை முள் பார்த்துக்கொள்கிறது. வெயிலைத் தாங்குகிறவர்கள் எல்லாரும் வெயிலில் நிற்கிறவர்கள் அல்ல. சித்திரை மாதம் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் மின்கம்ப நிழலில் வரிசையாக நிற்பவர்களைக் கேளுங்கள்.

தீப்பெட்டி ஆலைப் பெண், சாத்தூர்: ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கில் விதை இருக்குமாம். பிறகு ஏன் ஊரெல்லாம் முளைக்கவில்லை?

விதை என்று பேர், பார்த்தால் தூசி. நெல்லுக்குள் குருத்துக்கு வேண்டிய சோறு கட்டி வைத்திருக்கிறது. ஆர்க்கிட் விதைக்குள் ஒரு பருக்கை கிடையாது. மண்ணில் இருக்கிற ஒருவகைப் பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் பிழைக்கும். இதை 1899-ல் நோயேல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டுபிடித்தார். காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அங்கே அந்தப் பூஞ்சையும் இருக்க வேண்டும். லட்சம் பேர் எழுதி நாலு பேருக்கு வேலை கிடைப்பதை நாம் பார்த்ததே இல்லையா என்ன?

பால்கோவாக் கடைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்: பூஞ்சை இல்லாமல் முளைக்க வைக்க வழியே இல்லையா?

உண்டு, உங்கள் கடையிலேயே. அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-ல் விதைக்கு நேரடியாகச் சர்க்கரை கலந்த கூழ் ஊட்டி வளர்த்துக் காட்டினார். பூஞ்சை செய்த வேலையைச் சீனி செய்தது. இன்று பூக்கடையில் விற்கிற ஆர்க்கிட் பெரும்பாலும் அந்த வழியில் வந்த புட்டிப்பால் பிள்ளைகள். சீனி போட்டால் எதுவும் ஊர் பெயரைக் காப்பாற்றும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

மலையேறி, ராஜபாளையம்: காட்டில் பார்த்தால் வேரோடு பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். அடுத்த வருஷம் அந்தத் தொட்டியைக் கழுவி மல்லித்தழை போடலாம். நீங்கள் பெயர்த்தது செடியை. அதற்குச் சோறு போட்ட மண்ணும் பூஞ்சையும் மலையிலேயே நின்றுவிட்டன. போதாக்குறைக்கு, அய்யனார் அருவிக்கு மேலே புலிகள் காப்பகம். செடி சாவதற்கு முன்பே வனத்துறை உங்களைத் தொட்டியில் நட்டுவிடும்.

புதுமாப்பிள்ளை, சிவகாசி: அப்படியானால் நான் வீட்டில் வளர்க்க ஆசைப்படுவது தப்பா?

ஆசை தப்பில்லை, கடப்பாரைதான் தப்பு. நர்சரியில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று கேளுங்கள், ஸ்பாதோகிளாட்டிஸ் கொடுப்பார்கள். பனைக்குருத்து மாதிரி மடிப்பு மடிப்பாக இலை, ஊதாவும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ. காலை வெயில், நீர் தேங்காத மண், மாதக்கணக்கில் பூக்கும். புது மனைவியிடம் ‘நீ சிரிக்கிற மாதிரியே இருக்கு’ என்று சொல்லுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள்.

அச்சகத் தொழிலாளி, சிவகாசி: நாங்கள் அடிக்கும் காலண்டரில் நீல ஆர்க்கிட் வருகிறது. நிஜத்தில் உண்டா?

பூக்கடையில் பளீர் நீலத்தில் நிற்கிற ஆர்க்கிட், வெள்ளைப் பூவின் தண்டில் சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகவே பூத்து மானத்தை வாங்கும். பிறவி நீலம் அபூர்வம். மேலே சொன்ன தெலிமிட்ராக்களில் அசல் நீலம் உண்டு. வானவெடிக்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: செம்பு போட்டு நீலம் வரவழைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், சூடு கொஞ்சம் கூடினால் நிறம் ஓடிவிடும். உங்கள் ஆபீஸில் மட்டும்தான் நீலம் டப்பாவில் வருகிறது.

கெமிக்கல் படித்தவர், வெம்பக்கோட்டை: யூலோஃபியா பச்சைப் பூ என்கிறீர்கள். பச்சைக்குத்தான் தடை இருக்கிறதே?

தடை பேரியத்துக்கு. உச்ச நீதிமன்றம் 2018-ல் பட்டாசில் பேரிய உப்பு கூடாது என்றது. பச்சை வெளிச்சம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நம்ம பூவின் பச்சைக்குப் பச்சையம் போதும். புகை கிடையாது, சத்தம் கிடையாது, நாக்பூர் வெடிபொருள் அலுவலகத்துக்கு லைசென்ஸ் எழுதிப்போட வேண்டியதும் கிடையாது. அசல் பசுமைப் பட்டாசு அதுதான்.

போர்மேன், மேலச்சின்னையாபுரம் பக்கம்: எங்கள் ஆலை வளாகப் பொட்டலில் இந்தச் செடியை விட்டுவைக்கலாமா?

கேலியை ஓரம் வைத்துவிட்டுச் சொல்கிறேன்: வேண்டாம். மருந்து அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட்டு, காய்ந்த புல் பூண்டு கிடக்காமல் வைத்திருப்பது உயிர் காக்கும் ஏற்பாடு. அங்கே ஒரு தொழிலாளி வீடு திரும்புவதைவிட எந்தப் பூவும் பெரிதில்லை. பூவுக்கு வேலிக்கு வெளியே ஊர்ப் புறம்போக்கு இருக்கிறது. இருக்கிற வரைக்கும்.

தீயணைப்பில் ஓய்வு பெற்றவர், சிவகாசி: நெருப்புக்குப் பிறகு பூக்கிற செடி உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆர்க்கிடில் உண்டா?

ஆஸ்திரேலியாவில் பைரோர்க்கிஸ் என்று ஒன்று. வருஷக்கணக்கில் வெறும் இலையாகத் தரையோடு கிடக்கும். காட்டுத்தீ வந்து போன அடுத்த பருவத்தில் கரிக்கு நடுவே திமுதிமுவெனப் பூக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மலையில் தீக்குச்சி உரசிப் பார்க்க வேண்டாம். நம்ம மலைச் செடிகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவை அல்ல.

கிணறு வெட்டுபவர், திருச்சுழி: மண்ணுக்கு அடியிலேயே பூக்கிற ஆர்க்கிட் உண்டா? தோண்டும்போது கவனமாக இருக்கலாமே.

உங்கள் ஜாக்கிரதைக்கு ஒரு சலாம். அது மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது: ரைசான்தெல்லா. 1928-ல் ஒரு விவசாயி உழும்போது மண்ணுக்குள்ளிருந்து வாசனை வர, கிளறினால் பூ! முளைப்பது, வளர்வது, பூப்பது எல்லாம் தரைக்குக் கீழே. நீங்கள் தோண்டும்போது தண்ணீர் வந்தாலே திருச்சுழியில் அது அதிசயம்தான்.

நாட்டுமருந்துக் கடை கணக்குப்பிள்ளை, விருதுநகர்: எங்கள் கடையில் விற்கும் சாலாமிசிரியும் ஆர்க்கிட் என்றால் நம்பலாமா?

நம்புங்கள். தரை ஆர்க்கிடின் கிழங்கை வேகவைத்து உலர்த்தியதுதான் அது. துருக்கியில் அதை மாவாக்கிப் பாலில் காய்ச்சிக் குடிக்கிறார்கள், இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிற ஐஸ்கிரீமும் செய்கிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேல் கிழங்கு வேண்டும். ஒருத்தர் வம்சம் விருத்தியாக லேகியம் சாப்பிட, ஆயிரம் செடியின் வம்சம் தீர்ந்துபோகிறது.

உடம்பைத் தேற்றுபவர், காரியாபட்டி: சியவனப்பிராசத்திலுமா ஆர்க்கிட்?

ஆமாம். அதில் சேர வேண்டிய ‘அஷ்டவர்க்கம்’ என்ற ஆயுர்வேத எட்டு மூலிகைக் கூட்டணியில் நாலு பேர் இமயமலைத் தரை ஆர்க்கிடுகள். அவை கிடைப்பது அரிதாகிவிட்டதால் பல காலமாகவே வேறு கிழங்குகள் ஆள்மாறாட்டம் செய்கின்றன. டப்பாவைத் திறந்ததும் நெல்லிக்காயாவது நிஜமா என்று பாருங்கள்.

தேர்தல் ஏஜெண்ட், திருவில்லிபுத்தூர் சாலை: ஆர்க்கிட் பூவில் தேன் நிறைய இருக்குமா?

உலக ஆர்க்கிடுகளில் மூன்றில் ஒரு பங்கு சொட்டுத் தேன்கூடத் தராது. நிறம் காட்டும், மகரந்தம் மாதிரி மயிர்க்கொத்தை ஆட்டிக் காட்டும். தேனீ நம்பி வந்து முதுகில் மகரந்த மூட்டையை ஒட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு போகும். அடுத்த பூவிலும் அதையே நம்பி இறங்கும். இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தொழில் உங்களுடையது.

ஜோசியர், வத்திராயிருப்பு: ஆர்க்கிடுக்கும் ஜோசியத்துக்கும் தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் ஓரடி நீளத் தேன்குழலைப் பார்த்து, ‘இந்த அளவுக்கு நாக்கு நீண்ட அந்துப்பூச்சி இருந்தே தீரும்’ என்று டார்வின் 1862-ல் சொன்னார். அப்படிப்பட்ட பூச்சிக்கு 1903-ல் பெயரே வைத்தார்கள். டார்வின் போய் அப்போது 21 வருஷம். பலித்த பிறகு தட்சிணை கேட்க ஆள் இல்லாத ஒரே ஜோசியம்.

யோகா மாஸ்டர், ராஜபாளையம்: ஆர்க்கிட் பூ தலைகீழாக நிற்கும் என்கிறார்களே?

மொட்டாக இருக்கும்போது உதடு மேலே. மலர்வதற்குள் காம்பை அரைவட்டம் முறுக்கி உதட்டைக் கீழே கொண்டுவந்துவிடும். வந்திறங்கும் பூச்சிக்கு அது திண்ணை. பெரும்பாலான ஆர்க்கிடுகள் இந்த ஆசனத்தைத் தினசரி வகுப்பு இல்லாமலே செய்கின்றன. ஃபீஸைக் குறையுங்கள் மாஸ்டர்.

சிங்கப்பூர் மாப்பிள்ளையின் மாமியார், பாலவநத்தம்: அங்கே தேசிய மலர் ஆர்க்கிடாம். மாப்பிள்ளை பெருமையடிக்கிறார்.

வாண்டா மிஸ் ஜோவாகிம். 1893-ல் ஆக்னஸ் ஜோவாகிம் என்ற அம்மையாரின் தோட்டத்துப் பூ என்று தாவரவியலாளர் ரிட்லி எழுதினார். 1981-ல் தேசிய மலர் ஆனது. வேரை மண்ணில் விட்டுக் கொம்பைப் பிடித்து ஏறும். தலை நிறைய வெயில் விழாவிட்டால் பூக்காது. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: ‘வெயில்தானே வேண்டும்? அது இங்கே சீதனமாகவே கிடைக்கும்.’

பக்தை, ஸ்ரீவில்லிபுத்தூர்: ஆண்டாள் மாலையில் ஆர்க்கிட் இருந்திருக்குமா?

ஆண்டாள் மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரைக்கு அழகர் வரும்போதும் ஊர் தாண்டிப் போகிற மாலை. நம்ம பூ மலையடிவாரத்தை விட்டு நகர மறுக்கிற பூ. இரண்டுக்கும் ஒத்துவராது. பெருமாளுக்குத்தான் பூவைப் பறிக்காமலே பார்க்கத் தெரியுமே!

அரசு ஊழியர், விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்: மாநில மலர் செங்காந்தளும் ஆர்க்கிட்தானே?

இல்லை. அது வேறு குடும்பம், அதன் கிழங்கு கொடிய விஷம். ஆர்க்கிட் கிழங்கைத் தின்றால் செடி சாகும். இதைத் தின்றால் தின்றவர் போவார். தற்காப்பில் காந்தள் ஒரு படி மேல்.

அகத்தியர் அடியார், சேத்தூர்: தெற்கே அகத்தியமலையில் ஒரு அபூர்வ ஆர்க்கிட் இருந்ததாமே?

இருந்தது, கொஞ்சம் இருக்கிறது. பாஃபியோபெடிலம் ட்ரூரியை. செருப்பு வடிவப் பூ. மஞ்சளில் நடுவே கரும்பழுப்புக் கோடு. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட். 1865-ல் கர்னல் ட்ரூரி கண்ணில் பட்டது. நிழலில் ஒளியாமல், வெயில் விழும் பாறைச் சரிவுப் புல்லில் நிற்கும். பிறகு காணாமல் போனது, 1970-களில் மறுபடி தென்பட்டது. தென்பட்ட செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நூறு வருஷம் யாரும் பார்க்காதது காப்பாற்றியது. பார்த்ததும் முடிந்தது கதை. இதனால்தான் நான் எந்த இடத்துக்கும் வழி சொல்வதில்லை.

அமெரிக்கா போக விசாவுக்குக் காத்திருப்பவர், அருப்புக்கோட்டை: நம் ஆர்க்கிட் எதுவும் அங்கே செட்டில் ஆகியிருக்கிறதா?

யூலோஃபியா கிராமினியா, நம் ஆசியப் பக்கத்துச் செடி. 2007-ல் மயாமியில் தலைகாட்டியது; இப்போது ஃபுளோரிடாவில் தோட்டத்துக்குப் போடும் மரச்சீவலில் எல்லாம் முளைக்கிறது. அங்கே அதைக் களை என்று பிடுங்குகிறார்கள். வயல்வரப்பிலும் புல்தரையிலும் விரலுயரத்துக்கு வளரும் ஜூக்சைன் அதற்கு முன்பே, 1930-களிலேயே போய்விட்டது. இரண்டுமே நேர்காணலுக்குப் போகவில்லை.

வாடகை வீட்டுக்காரர், சாத்தூர்: மாமரத்தில் ஒட்டியிருக்கும் வாண்டா ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சிவிடாதா?

உறிஞ்சாது. மரம் இடம் மட்டும் தருகிறது. காற்றின் ஈரம், மழைநீர், மட்கிய தூசி இதுதான் அதன் சாப்பாடு. புல்லுருவி வேறு, இது வேறு. உங்கள் வீட்டுக்காரர் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் போலிருக்கிறது.

வேலை தேடுபவர், மானாமதுரை ரோடு: உழைக்காமல் சாப்பிடும் ஆர்க்கிட் உண்டா?

மேலே சொன்ன இந்தியக் கணக்கில் 43 வகை. பச்சையமே கிடையாது, பூஞ்சையிடமே முழுநேரச் சாப்பாடு. ஆனால் அந்தப் பதவிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன தம்பி.

ஒரே ஒரு இலை கண்டவர், செண்பகத்தோப்பு: மழைக்குப் பிறகு தரையில் ஒற்றை இலை, இதய வடிவம், விசிறி மடிப்பு. என்ன செடி?

நெர்விலியாவாக இருக்கலாம். தரை ஆர்க்கிட்தான். முதல் மழைக்குப் பூ மட்டும் தலைநீட்டும். பூ போன பிறகு இலை வரும். ஒரு கிழங்குக்கு ஒரு இலை, அவ்வளவுதான் குடும்பம். பூவும் இலையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் நைட் ஷிப்டும் பகல் ஷிப்டும் போகிற தம்பதி நம்ம பக்கம் நிறைய உண்டே.

புத்தகப்புழு, விருதுநகர்: செடியை அடையாளம் பார்க்க நல்ல புத்தகம்?

திருச்சி புனித வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தில் பாதிரியார் கே. எம். மேத்யூ கட்டி எழுப்பிய ‘ஃபுளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாடிக்’. வறண்ட பூமியைப் பொட்டல் என்று ஒதுக்காமல், முள்ளு முள்ளாக நடந்து எழுதிய வேலை. உயிருள்ள ஆர்க்கிடுகளைப் பார்க்க ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. புத்தகத்தின் எடைக்கு, ஏற்காடு ஏறுவதே சுலபம்.

இயற்கை ஆர்வலர், வத்திராயிருப்பு: அணிலுக்குக் கொடுத்தார்கள், புலிக்குக் கொடுத்தார்கள். ஆர்க்கிடுக்குச் சரணாலயம் எப்போது?

1988-ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம். 2021-ல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம், நாட்டின் 51-வது. காட்டுக்குள் இருக்கிற பூவுக்குப் புலியின் பெயரில் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. காட்டுக்கு வெளியே முள்ளுப் பொட்டலில் நிற்கிற பூவுக்குத்தான் சிபாரிசு செய்ய ஆளில்லை. ரெவின்யூ ரெக்கார்டில் அதற்குப் பெயர் ‘தரிசு’. புரோக்கர் அகராதியில் ‘பிளாட்’.

ஜேசிபி ஓட்டுநர், ஆமத்தூர்: சீமைக் கருவேலத்தைப் பிடுங்குவது நல்லதுதானே? அதற்கும் குறை சொல்வீர்களா?

நல்லதுதான். ஆனால் உங்கள் இரும்புக் கைக்குச் சீமை முள்ளும் தெரியாது, நம்ம உடையும் தெரியாது. மேல்மண்ணோடு எல்லாம் லாரியில் ஏறுகிறது. அந்தக் கைப்பிடி மண்ணில் இருக்கிற பூஞ்சை திரும்பி வர எத்தனை மழைக்காலம் வேண்டுமோ! குற்றவாளி ஒருத்தன், தெருவையே கைது செய்யாதீர்கள்.

அவசரக்காரர், சிவகாசி: எந்த மாதம் போனால் பார்க்கலாம்?

ஹாபெனேரியா என்ற இன்னொரு தரை ஆர்க்கிடுக்கு மழைக்காலம்: சில வகைகளில் இரண்டு மூன்று இலை தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்க, நடுவில் வெள்ளைப் பூக்குச்சி நிற்கும். யூலோஃபியாவுக்குத் தை தாண்டி வெயில் ஏறுகிற நாட்கள். சில வருஷம் ஹாபெனேரியா மண்ணுக்குள்ளேயே படுத்துவிடும், தலையே காட்டாது. தீபாவளி ஆர்டர் மாதிரி தேதி போட்டு வாங்க முடியாது.

காதலன், சாத்தூர்: ஆர்க்கிட் கொடுத்தால் காதல் கைகூடுமா?

கடையில் வாங்கிக் கொடுத்தால் யோசிப்பாள். காட்டில் பறித்துக் கொடுத்தால் அதோடு சேர்த்து வனத்துறை நோட்டீஸையும் கொடுக்க வேண்டிவரும். எதற்கு வம்பு, சேவு வாங்கிக் கொடுங்கள். ஊர்ப் பெயரையும் காப்பாற்றும்.

பஞ்சாயத்து உறுப்பினர், பெயர் வேண்டாம் என்கிறார்: சரி அண்ணாச்சி, இந்தப் பூவுக்காக எங்கள் ஊராட்சி என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யக் கூடாது. மலையடிவாரத்துப் புறம்போக்கில் நாலு முள்ளுப் புதர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தோண்டாதீர்கள், கொளுத்தாதீர்கள், சுத்தப்படுத்துகிறேன் என்று வழிக்காதீர்கள், அழகுபடுத்துகிறேன் என்று சிமெண்ட் பெஞ்ச் போடாதீர்கள். ஒரு பைசா செலவில்லாத திட்டம். அதனாலேயே தீர்மானம் நிறைவேறாது என்று எனக்கும் தெரியும். பில் போட வழியில்லையே!